குடியை விட்டவர் ஊர் திரும்பியதும் மீண்டும் குடிப்பது மன உறுதி இல்லாததாலா?

வெளியூரில் நான்கு மாதம் குடிக்காமல் இருந்த உங்கள் அண்ணன், வீடு திரும்பிய வாரமே குடித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவும் அப்படித்தான். அவரை உறுதியற்றவர் என்று திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அது பெருந்தவறு.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டினார்; அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்ததும் நேரே கள்ளுக்கடை. இருபது ஆண்டுப் பழக்கம். பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டில் இருந்தவரை கள்ளின் நினைவே வரவில்லை என்றார். திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாளே, கடையைப் பார்ப்பதற்கு முன்பே, கையில் ஒட்டிய ரப்பர் பாலின் புளித்த வாடைக்கு எச்சில் ஊறிக் கை நடுங்கியதாம்.

இதை மருத்துவ உலகம் நோயாளிகளிடமிருந்துதான் கற்றது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில், போதைக்கு அடிமையானவர்களுக்கான அரசு மருத்துவமனையில் ஆப்ரகாம் விக்லர் என்ற மருத்துவர் இருந்தார். போதை மருந்தை விட்டுப் பல மாதங்களான நோயாளிகள், குழுவாக அமர்ந்து அதைப் பற்றிப் பேசினாலே கொட்டாவி விட்டார்கள். மூக்கும் கண்ணும் ஒழுகின. மருந்தை நிறுத்திய புதிதில் வரும் அதே அறிகுறிகள்! நடிப்பு என்று அவர் ஒதுக்கவில்லை. பழகிய சூழலே உடலைத் தூண்டுகிறது என்ற விளக்கத்தை 1948இல் முன்வைத்தார். பிறகு எலிகளிடம் சோதித்தார். மார்ஃபின் என்ற போதை மருந்து இல்லாமல் தவித்த அதே கூண்டுக்குள் பல வாரம் கழித்து விட்டபோது, அன்று தவித்தபோது செய்ததுபோலவே அவை நனைந்த நாய்போல் உடலை உதறின.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார். முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. சூழல் மாறியது மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அப்பாவின் பட்டர்வொர்த் நாட்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின.

1947இல் எங்கள் வட்டாரத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடினார்கள். அவர்கள் கடைவாசலைக் குறிவைத்ததை இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டாம் முறை அப்பா குடியை விட்டபோது, மண்டோரிடம் (தோட்டக் கங்காணியிடம்) பேசி அவரை நாற்று மேட்டு வேலைக்கு மாற்றினோம். கோயில் பின்பாதை வழியாக வீடு வருவார். அம்மா பாதி தூரம் எதிரே போய் நிற்பார். உங்கள் அண்ணனிடம், குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எங்கே இருந்தார், யாரைப் பார்த்தார், என்ன வாடை வந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள்.