ஷீல்டு கேபிளும் எர்த்தும்: கேள்வி-பதில்

கே: அலுவலகம் முழுக்க ஷீல்டு கேபிள் என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்கினார் ஒப்பந்ததாரர். நெட்வொர்க் அடிக்கடி விட்டுப்போகிறது. நெட்வொர்க் கருவிகள் இருக்கும் ரேக்கைத் திறந்தால் எல்லாம் பிளாஸ்டிக் ஜாக். "கேபிள் ஷீல்டுதானே" என்கிறார்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார். எனக்கு ஆறாத கோபமே இதில்தான். ஷீல்டு என்பது வெளி மின் இரைச்சலைத் தடுக்கக் கேபிளுக்குள் சுற்றியிருக்கும் ஃபாயில். அது ஜாக்கின் உலோக உறையைத் தொட வேண்டும், ஜாக் பேட்ச் பேனலை (ஜாக்குகளை வரிசையாகப் பொருத்தும் பலகை), பேனல் ரேக்கை, ரேக்கிலிருந்து செம்புக் கம்பி போய்க் கட்டடத்தின் எர்த்தில் சேர வேண்டும். பிளாஸ்டிக் ஜாக் போட்டால் அந்தத் தொடர் முதல் இடத்திலேயே அறுந்துவிடுகிறது. ஷீல்டுக்குக் கொடுத்த பணம் வீண். நானும் 'கேட் 7' (ஷீல்டு உள்ள கேபிள் ரகம்) என்று அச்சடித்த பேட்ச் கார்டு, அதாவது இரு முனையிலும் ப்ளக் உள்ள சிறு கேபிள், ஒரு கட்டு வாங்கினேன், வெளியே பளபளவென்று உலோக ப்ளக், அறுத்துப் பார்த்தால் உள்ளே ஃபாயிலும் அதை ஒட்டி ஓடும் வெறும் கம்பியான டிரெய்ன் ஒயரும் ப்ளக்கைத் தொடாமலே நறுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அப்போதிலிருந்து மல்டிமீட்டரை ஒரு முனை ப்ளக்கின் உலோகத்திலும் மறுமுனை உலோகத்திலும் வைத்து, பீப் கேட்டால்தான் காசு. நெட்வொர்க் விட்டுப்போவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதனால் ஒவ்வொரு லைனுக்கும் ஷீல்டு தொடர்ச்சியோடு சேர்த்து டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். ஜாக்கை அவர் செலவிலேயே மாற்றட்டும், பாக்கி இருந்தால் அதுவரை கொடுக்காதீர்கள்.

கே: வீட்டுக்கு ஷீல்டு கேபிள் வாங்கலாமா?

ப: வேண்டாம். நல்ல செம்புக் கம்பி உள்ள, ஷீல்டு இல்லாத யு.டி.பி. கேட் 6 போதும்.

கே: பக்கத்துக் கட்டடத்துக்கு ஷீல்டு கேபிள் இழுத்தோம். ப்ளக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது. கம்பெனியிடம் பணம் திரும்பக் கேட்கலாமா?

ப: எதற்கு? கேபிள் மேல் குற்றமில்லை, யாரையும் விசாரிக்காமல் வாங்கியது நீங்கள். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது, அந்த வித்தியாசம் உங்கள் ஷீல்டு வழியாக ஓடும். போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிக்னல் கம்பிகளைத்தான் பிரித்து வைக்கும், ஷீல்டை அல்ல. மின்னல் வந்தால் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் போகலாம். இனி அதைத் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, இரண்டு கட்டடத்து எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உலோகம் இல்லாத ஃபைபர் இழுங்கள்.

கே: ரேக்குக்குத் தனியாக எர்த் குழி போட்டால் 'சுத்தமான எர்த்' கிடைக்குமாமே?

ப: கட்டடத்தின் எர்த்தோடு சேராத தனிக்குழி ஆபத்து. கட்டடத்தின் எர்த் கம்பிகள் சேரும் உலோகப் பட்டையான எர்த் பஸ்பாரிலேயே ரேக்கைக் கட்டுங்கள், குழி தோண்டுகிற காசும் மிச்சம்.