அடிபட்ட நாள்கள் யார் கணக்கில்?

கேள்வி: புதுச்சேரியில் அரசுக் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளராகப் பணிபுரிகிறேன். பருவத் தேர்வின்போது தேர்வறைப் பணியில் இருந்த நான், ஒரு மாணவர் மறைத்து வைத்திருந்த கைபேசியை வாங்கிக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தேன். அன்று மாலை வாயிலுக்கு வெளியே வண்டியை எடுக்கச் சென்றபோது, அவரும் நண்பர்கள் இருவரும் தாக்கியதில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் 6 நாள்களும் வீட்டில் 34 நாள்களும் இருந்துவிட்டு, 9 நாள்களுக்கு முன்பு பணியில் சேர்ந்தேன். "வேலை நேரம் முடிந்த பிறகு, வெளியே நடந்த சண்டை" என்று சொல்லி, அந்த 40 நாள்களையும் அலுவலகத்தில் கம்யூட்டட் லீவாக, அதாவது அரைச் சம்பள விடுப்பை முழுச் சம்பள விடுப்பாக மாற்றி எடுத்ததாக, பதிந்துவிட்டார்கள். நான் என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இதில் ஒரு காலக்கெடு இருப்பதால், பதிலின் சாரத்தை உங்களுக்கு முன்னதாகவே தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு 1972ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் விடுப்பு விதிகள் பொருந்தும். அவற்றின் 44ஆம் விதி 2018இல் திருத்தப்பட்டது. முன்பு சிறப்பு இயலாமை விடுப்பு, மருத்துவமனை விடுப்பு எனத் தனித்தனியாக இருந்தவை ஒன்றாக்கப்பட்டு, பணிசார் நோய் மற்றும் காய விடுப்பு என்ற ஒரே விடுப்பு உருவானது. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் ஆகிய இரு சாராருக்கும் இது உண்டு. மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுவதற்கும் முழு ஊதியமும் படிகளும் கிடைக்கும். அதைத் தொடர்ந்து 6 மாதங்கள் வரை முழு ஊதியமும், அதற்கும் மேல் தேவைப்பட்டால் 12 மாதங்கள் வரை அரை ஊதியமும் பெறலாம். உங்களுடைய 6 நாள்களும் அடுத்த 34 நாள்களும் முழு ஊதியக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

கம்யூட்டட் லீவிலும் முழுச் சம்பளம்தானே வந்தது என்று சிலர் உங்களைச் சமாதானப்படுத்தக்கூடும், அதை ஏற்காதீர்கள். கம்யூட்டட் லீவு ஒரு நாளுக்கு அரைச் சம்பள விடுப்பில் இரண்டு நாள்கள் கழிக்கப்படும். ஆண்டுக்கு 20 நாள்கள் மட்டுமே வரவாகும் அந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு 80 நாள்கள் போயிருக்கின்றன. நான்கு ஆண்டுகளாக நீங்கள் சேர்த்து வைத்தது, மற்றவர் கை ஓங்கியதற்காகக் கரைந்திருக்கிறது. இதை வெறும் எழுத்தர் பிழையாக நான் கருதவில்லை. நாளை உங்களுக்கு உண்மையாகவே நோய் வரும்போது கைகொடுக்க வேண்டிய விடுப்பு அது.

"வெளியே நடந்தது" என்ற வாதத்துக்கு வருவோம். பணியைச் செய்யும்போது நேர்ந்த காயத்தோடு விதி நின்றுவிடவில்லை. வகிக்கும் பதவியின் விளைவாக நேர்ந்த காயத்தையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆகவே அடி விழுந்த இடமும் நேரமும் எவை என்பதைவிட, அது எதனால் விழுந்தது என்பதே இங்கே முக்கியம். நீங்கள் கைபேசியை வாங்கியிராவிட்டால் அந்த மூவரும் வாயிலில் காத்திருந்திருக்க மாட்டார்கள் என்பதை நிறுவுவதற்கு உங்களிடம் உள்ள மிக வலுவான ஆவணம், அன்று பகலில் அறைக் கண்காணிப்பாளர் எழுதிய ஒழுங்கீன அறிக்கை. தாக்குதலுக்கு முன்பே எழுதப்பட்டது என்பதால், அது பின்னர் ஜோடிக்கப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் நகலை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது காலக்கெடு. ஒரு வகை விடுப்பை வேறு வகையாகப் பின்தேதியிட்டு மாற்றித் தரும்படி 10ஆம் விதியின்கீழ் கேட்கலாம். ஆனால் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மாற்றத்தை உரிமையாகக் கோர முடியாது என்றும் அதே விதி சொல்வதால், விண்ணப்பம் ஒற்றைப் பக்கக் கோரிக்கையாக இல்லாமல், உரிய ஆதாரங்களோடு அமைய வேண்டும். ஒழுங்கீன அறிக்கையின் நகல், தேர்வுப் பணி ஆணை, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், மருத்துவச் சான்று ஆகியவற்றை இணைத்துக் கல்லூரி முதல்வருக்குக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் கூடிய முத்திரை பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டிலும் தீரவில்லை என்றால், இறுதி ஆணை கிடைத்த ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த விடுப்பில் இருக்கும் காலத்துக்கு ஈட்டிய விடுப்போ அரைச் சம்பள விடுப்போ புதிதாக வரவு வைக்கப்படாது. அதைக் கழித்துப் பார்த்தாலும் 80 நாள்களைத் திரும்பப் பெறுவதே உங்களுக்கு மேல்.

காவல் நிலையப் புகார் வேறு, விடுப்பு வேறு. அரசு ஊழியரைப் பணி காரணமாகக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 121ஆம் பிரிவின்கீழ் குற்றம். எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டுகள் வரை போகலாம். ஆனால் வழக்கு முடிந்து தண்டனை கிடைத்தால்தான் விடுப்பு என்று விதியில் எங்கும் இல்லை. மாணவரின் எதிர்காலம் கருதி நீங்கள் சமரசமாகப் போக விரும்பினாலும், அதற்காக விடுப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி ஊழியர்கள் பார்க்க வேண்டியது அடிப்படை விதி 83. வேண்டுமென்றே இழைக்கப்பட்ட காயத்துக்கான சிறப்பு இயலாமை விடுப்பை, ஓர் இயலாமைக்கு அதிகபட்சம் 24 மாதங்கள் வரை அது அனுமதிக்கிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் 18,000 ரூபாய் ஊதியத்தில் பணிபுரிகிறேன். கட்டணத் தகராறில் ஒரு மாணவரின் உறவினர் தள்ளிவிட்டதில் தோள்பட்டை எலும்பு விலகியது. வேலைக்கு வராத நாள்களுக்குச் சம்பளம் இல்லை என்கிறார்கள். எங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாதா?

— வாசகி

பதில்: முதலில் உங்கள் ஊதியச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்காக 0.75 விழுக்காடு, அதாவது உங்கள் ஊதியத்துக்கு 135 ரூபாய், பிடிக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களை அத்திட்டம் காக்கிறது. பணியின் காரணமாக, பணியின்போது நேர்ந்த காயம் என்று ஏற்கப்பட்டால், குணமாகும் வரை நாள் ஊதியத்தில் சுமார் 90 விழுக்காட்டைத் தற்காலிக ஊனப் பயனாகப் பெறலாம். அடிபட்ட நாள் நீங்கலாகக் குறைந்தது 3 நாள்களாவது வேலை செய்ய இயலாதிருக்க வேண்டும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

கல்லூரி இதைச் சாதாரண உடல்நலக் குறைவு என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். நோய்ப் பயன் 70 விழுக்காடுதான். அதற்கும் ஆண்டுக்கு 91 நாள்கள் என்ற வரம்பு உண்டு. விபத்து அறிக்கையைப் படிவம் 12இல் அனுப்ப வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அவர்கள் தாமதித்தால், நடந்ததை நாள், நேரம், உடனிருந்தோர் பெயர்களுடன் நீங்களே எழுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவச் சான்று வாங்கும்போதும், கீழே விழுந்ததாகச் சொல்லாமல், பணியிடத்தில் தள்ளிவிடப்பட்டதாகவே பதியச் சொல்லுங்கள்.