"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா"

"ஆசிரியர் கூப்பிட்டாலே குறை சொல்லத்தான் என்று ஆகிவிட்டது, பெற்றோரும் ஆசிரியரும் மனம்விட்டுக் கதைக்க என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் 16 வருடமாகப் படிப்பிக்கிறேன். எனக்கு இதைப் படிப்பித்தது ஒரு அம்மா.

தரம் 7இல் ஒரு பெடியன். வீட்டுவேலை செய்வதில்லை, மூன்றாம் பாடத்துக்குள் மேசையில் தலை சாய்ந்துவிடும். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் கொப்பியை விரித்து, வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றதைத் தவிர வேறு பேச்சில்லை. அக்கறையில்லாத தாய் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

கால் மாறி நின்றதைக் கண்டபிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ அம்மா" என்றேன். இருந்ததும் சொன்னார்: "95 இடம்பெயர்வோட என்ர படிப்பு நிண்டுட்டுது ரீச்சர். கொப்பியைப் பாத்தா அவன் என்ன செய்யேல்லை எண்டு எனக்கு விளங்காது." 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவருக்கு 11 வயது. இப்போது கணவரும் இல்லை. விடிய 4 மணிக்குத் தாயோடு வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டுத்தான் பெடியன் பள்ளிக்கு வருகிறான். இதெல்லாம் தெரியாமல் ஒரு தவணை முழுக்க அவனை ஏசியிருக்கிறேன்.

அன்றிலிருந்து, கொப்பியைத் திறக்க முன் "வீட்டில எப்பிடி?" என்று கேட்கிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்குச் சத்தம் போடும் அப்பாவையும் முழுக்கச் சொல்லி முடிக்க விடுகிறேன். அந்தக் கோபத்துக்குள் சொந்தக்காரர் முன் தலைகுனிவு இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் புள்ளி வாசிக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. அப்படி ஒருமுறை கூசிப்போன பெற்றோர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள். இரவு 10 மணிக்கு வைபரில் "ஏன் மார்க்ஸ் குறைஞ்சது?" என்று எழுதுவதைவிட, பின்னேரம் போன் எடுத்து "வகுப்பில பிள்ளை எப்பிடி இருக்கிறான் ரீச்சர்?" என்று கேளுங்கள். நிறையச் சொல்வோம்.

அந்த அம்மாவோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வேலை முடிந்த பக்கத்தின் அடியில் பச்சைப் பேனையால் ஒரு பொட்டு வைப்பேன். இரவில் அவர் அதைத் தேடிப் பார்ப்பார். இரண்டு கிழமை கழித்து முதல்முறையாக அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"ரீச்சர், இண்டைக்குப் பச்சை இல்லை. என்னவாம்?"