குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த நாய்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மதுரையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஐந்து வயதில் மகள், ஒன்பது வயதில் மகன், எழுபதைத் தாண்டிய மாமியார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஹஸ்கி வேண்டுமாம். கணவர் ராஜபாளையம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். லேப் (லேப்ரடார்) வாங்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நாய் எங்கள் வீட்டுக்குச் சரிவரும்?
(வாசகி, மதுரை)

பதில்: ஹஸ்கியை முதலிலேயே விட்டுவிடுங்கள். சைபீரியப் பனியில் நாளெல்லாம் வண்டி இழுக்க வளர்த்தெடுத்த நாய் அது. இரண்டு அடுக்கு ரோமத்தோடு மதுரை சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஏசி அறை இருக்கிறது என்பார்கள். ஓடுவதற்காகவே பிறந்த நாயை நாலு சுவருக்குள் பூட்டினால் சோபாவையும் கதவையும்தான் அது கடித்துத் தீர்க்கும்.

உங்கள் கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. ராஜபாளையம் நம் மண்ணின் நாய். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. நம் வெயில் அதற்குப் பழக்கம். ஆனால் அது வீட்டில் ஓரிருவரிடம் உயிராக ஒட்டிக்கொள்ளும், வெளியாளைக் கண்டால் விறைத்துக்கொள்ளும். உங்கள் மகனோடு விளையாட மாடிப்படி ஏறி நாலு பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வருவார்களே, அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். தனி வீடு, உயரமான சுற்றுச்சுவர், ஓட இடம், நாய் பழகிய ஓர் ஆள் இவையெல்லாம் இருந்தால் நானே ராஜபாளையத்தைச் சொல்லியிருப்பேன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய வேட்டை நாய்கள், அவற்றுக்கும் ஓட்டம்தான் உயிர். தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்கு நல்லது, மாடி வீட்டுக்கு வேண்டாம்.

லேப் குணத்தில் தங்கம். பிள்ளைகளோடு ஒத்துப்போகும், சொன்னதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். கண்காட்சியில் பார்க்கும் அமைதியான லேப்பை நினைத்துக்கொண்டுதான் பலரும் வாங்குகிறார்கள். அந்த அமைதி வர இரண்டு வருடம் ஆகும். எட்டு மாதத்தில் இருபத்தைந்து கிலோ எடையோடு, வாலை ஆட்டிக்கொண்டு, பாசத்தில் உங்கள் மாமியார் மேல் முன்னங்காலைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? எழுபது வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் எழுந்து நடக்க எத்தனை மாதம்! இந்த ஒரே காரணத்துக்காக உங்கள் வீட்டுக்கு லேப் குட்டி இப்போது வேண்டாம் என்கிறேன். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் சகஜம், தின்னக் கொடுத்தால் நிறுத்தாமல் தின்று ஊதிவிடும், காலையும் மாலையும் நன்றாக நடக்க வைக்க வேண்டும். இதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று கிலோ அளவுதான் இருக்கும். இந்தியன் ஸ்பிட்ஸ் அதைவிடப் பெரிது, தெம்பானது, நம் வெயிலைத் தாங்கும். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் தயிர்சாதம் தின்று வளர்ந்த வெள்ளை நாய் இதுதான். குரைக்கும், கொஞ்சம் அதிகமாகவே குரைக்கும். முடியை வாரிவிட வேண்டும். காதைப் பிடித்து இழுத்தால் சட்டென்று பல்லைக் காட்டும், அதனால் மகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் வீட்டுக்கு இது பொருந்தும்.

பக் வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் வந்ததிலிருந்து அதற்கு மவுசு. ஆனால் சப்பை மூக்கால் மூச்சுவிடவே அது திணறும். நாய் மூச்சு வாங்கித்தான் உடல்சூட்டை வெளியேற்ற முடியும். வெயில் காலத்தில் பக் படும் துன்பத்தைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இனத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் மாமியாரைக் கேட்டீர்களா? காலை ஒன்பது மணிக்கு நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தக் குட்டியோடு இருக்கப்போவது அவர்தான். எட்டு வாரக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு, ஒன்றரை மணிக்கொரு தடவை சிறுநீர். குனிந்து துடைக்க அவரால் முடியுமா, முதலில் அவருக்கு நாய் பிடிக்குமா? அவர் தயங்கினால் குட்டியே வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயது ஆன, குழந்தைகளோடு பழகிய நாய்கள் தத்துக்குக் கிடைக்கின்றன. ஊர் மாறிப் போகிறவர்கள் நல்ல வீடு தேடுவார்கள். குட்டி வளர்ந்து எப்படி வருமோ என்ற கவலை அதில் கிடையாது, குணம் கண் முன்னாலேயே தெரியும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடமும் சம்மதத்தை வாய் வார்த்தையாக இல்லாமல் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ‘பேப்பர் இல்லாமல் 8,000, பேப்பரோடு 20,000’ என்று விலை போட்டிருக்கிறார்கள். பேப்பர் வாங்குவது அவசியமா? 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் 40 நாள் குட்டியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதாகவும் சொல்கிறார்கள்.
(வாசகர், திருச்சி)

பதில்: முன்பணத்தை அனுப்பாதீர்கள். யாரோ எடுத்த படத்தைப் போட்டுப் பணம் பறிப்பது இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரணம். பணம் போய்விடும், குட்டி வராது. நிஜமாகவே வந்தாலும், 40 நாள் குட்டியை விற்பது சட்டப்படி தவறு. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளும் 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கூடப் பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை ஒரு நாய் இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில்தான் படிக்கும்.

பேப்பர் என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்று. தாய் எது, தகப்பன் எது என்பதை அது சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்றோ, சாதுவானது என்றோ அதில் ஒரு வரியும் இருக்காது. கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும், முறையாக இனம் பெருக்க வேண்டும் என்றால் வாங்குங்கள். அப்போதும் சான்றில் உள்ள மைக்ரோசிப் எண் குட்டியின் உடலில் உள்ள சிப்போடு ஒத்துப்போகிறதா என்று மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். வீட்டில் வளர்க்க மட்டும்தான் என்றால் அந்த 12,000 ரூபாயைத் தடுப்பூசிக்கும் மருத்துவத்துக்கும் வையுங்கள்.

பேப்பருக்குப் பதில் தாய்நாயைப் பாருங்கள். ‘தாய் ஊரில் இருக்கிறது’ என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் உங்களைக் கண்டு பயந்து மூலையில் ஒண்டுகிறதா, பாய்ந்து வருகிறதா, கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டுச் சும்மா படுக்கிறதா? மூன்றாவது வகைத் தாயின் குட்டி உங்களுக்கு வேண்டும். எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போடக் கூடாது, அடுத்தடுத்த பருவங்களில் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முலை தொங்கி, விலா எலும்பு தெரிய நிற்கும் தாயைக் கண்டால் அந்த இடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாம் கொடுக்கும் காசுதான் அதை அடுத்த முறையும் சினையாக்குகிறது.

குட்டியைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாலடியில் ஈரம் இருந்தால் வேண்டாம். உடம்பு ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் பூச்சி. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் விலக்கிப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ராஜபாளையம் வாங்குகிறவர்கள் காதையும் சோதித்தாக வேண்டும். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. சில வருடங்களுக்கு முன் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தொழுவத்தில் ஆறு குட்டிகள் பார்த்தேன். வளர்ப்பவர் சாப்பாட்டுத் தட்டைச் சிமென்டுத் தரையில் தட்டினார். ஐந்து குட்டிகள் ஓடி வந்தன, ஒன்று வைக்கோலில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. மற்றவை மிதித்துக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தது. அன்று நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். கூட்டத்தில் இருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்தே ஓடிவிடும். அதனால் குட்டியைத் தனியாக இன்னொரு அறைக்குத் தூக்கிப் போய், அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும்.

கேள்வி: கடையில் 18,000 ரூபாய்க்கு வாங்கிய குட்டி மூன்றாம் நாளே வாந்தி எடுத்தது. ரத்தமாகப் போனது. பார்வோ என்றார் மருத்துவர். ஆறாம் நாள் இறந்துவிட்டது. கடையில் கேட்டால், ‘நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். என் மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.
(வாசகர், கோவை)

பதில்: படிக்கும்போதே நெஞ்சு கனத்தது. என் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அந்தக் குட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், விடியும்போது சூடு போய்விட்டது. நான் அன்று பில் கூட வாங்கவில்லை. நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் விடாதீர்கள்.

பார்வோ கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். மூன்றாம் நாளே வாந்தி வந்தது என்றால், கடையிலிருந்தே கிருமியோடு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டுகள், ஜிபே ரசீது, கடைக்காரரின் வாட்ஸ்அப் பதில்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பில்லில் உள்ள அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்தின் பார்வையில் குட்டியும் ஒரு பொருள். உங்கள் மகளுக்கு அது அப்படி இல்லைதான், ஆனால் வழக்குக்கு இதுவே கைகொடுக்கும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கூடவே, குட்டியின் விலையும் மருத்துவச் செலவும் கேட்டு 15 நாள் அவகாசத்தோடு கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்கு மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் விற்கவே கூடாது.

இன்னொன்று, மகளுக்காக உடனே வேறு குட்டி வாங்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது மசியாது. பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவி, குட்டி படுத்த துணியையும் தட்டையும் அப்புறப்படுத்துங்கள். அடுத்து வருவது தடுப்பூசி எல்லாம் முடிந்த, கொஞ்சம் வளர்ந்த நாயாகவே இருக்கட்டும்.

கேள்வி: லேப் வளர்க்க மாதம் எவ்வளவு ஆகும்?
(வாசகர், சேலம்)

பதில்: முப்பது கிலோ நாய்க்குத் தினமும் 350 கிராம் அளவுக்கு உலர் தீவனம் வேண்டும், மாதம் பத்துக் கிலோவுக்கு மேல். கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலே 3,000 தாண்டுகிறது. சோறும் கோழியும் வேகவைத்துக் கொடுத்தால் குறையும், ஆனால் அதில் வெங்காயம், பூண்டு சேரக் கூடாது. வருடாந்திரத் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து இவற்றுக்கு மாதம் 500 தனியாக எடுத்து வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை, ட்ரிப் என்று ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் போகும். சேலத்துக்குப் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு அந்த வழியைத் தெரிந்து வைத்திருங்கள்.

கேள்வி: தெருவில் பிறந்த குட்டி ஒன்று வாசலிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் அதையே வளர்க்கலாம் என்கிறார்கள். சாதி நாய் மாதிரி நம்ப முடியுமா? கடித்துவிடாதா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக வளர்க்கலாம். நம் மண்ணுக்கு ஏற்ற உடம்பு, நோய் குறைவு, புத்தி கூர்மை. எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமே விட்டு, தாய்க்கும் சேர்த்துச் சாப்பாடு வையுங்கள். பிறகு உள்ளே கொண்டுவந்து முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, வயது வந்ததும் கருத்தடை.

கடிக்காத இனம் என்று ஒன்றும் கிடையாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாய் உறுமினால் அதை அடிக்காதீர்கள். ‘விலகிப் போ’ என்று சொல்ல அதற்கு இருக்கும் வழி அது. அடித்து அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்த நாயோடும் தனியாக விடாதீர்கள். பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று நினைக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.