ஆயில் டெஸ்டர் பச்சை காட்டினால் நம்பலாமா?

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன் ஐயா. மகன் ஆன்லைனில் ஆயில் டெஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். உள்ளங்கை அளவுதான், அதிலிருக்கிற குழியில் நாலு சொட்டு என்ஜின் ஆயில் விட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரிகிறது. 250 மணி நேரம் ஓடினால் ஆயிலை மாத்தியே ஆகணும் என்கிறார் மெக்கானிக். கருவியோ 250 தாண்டியும் பச்சைதான் காட்டுகிறது. ஆயில் விற்கிற விலைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாமா? யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், பாம்பன்

பதில்: மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். அதற்காகக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் நினைக்கிற வேலைக்கு அது சரிப்படாது, ஆனால் கடலில் ஓடுகிற என்ஜினுக்கு வேறொரு வேலையை நன்றாகவே செய்யும்.

அந்தக் குழியின் அடியில் மெல்லிய உலோகக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாகப் போகும். நடுவில் ஆயில் நிற்கும்போது அது எவ்வளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது, அவ்வளவுதான். இயற்பியலில் இதை மின்காப்பு மாறிலி என்பார்கள். புது மினரல் ஆயிலுக்கு இந்த எண் சுமார் 2.1 முதல் 2.4 வரை இருக்கும், தண்ணீருக்கோ 80 பக்கத்தில். அதனால் ஆயிலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே அளவு எகிறிவிடும். கரி சேர்ந்தாலும், சூட்டில் ஆயில் கெட்டுப்போனாலும் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும்.

சிக்கல் டீசலில் இருக்கிறது. டீசலுக்கும் அந்த எண் ஏறக்குறைய 2.1தான். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகியோ, டீசலை ஏற்றித் தருகிற ஃபீட் பம்பின் சவ்வு கிழிந்தோ டீசல் ஆயிலோடு கலந்தால் அளவு ஏறாது, சொல்லப்போனால் லேசாக இறங்கும். ஒரு பக்கம் கரி மேலே தள்ள, இன்னொரு பக்கம் டீசல் கீழே இழுக்க, இரண்டும் சேர்ந்து கருவியைப் பச்சையிலேயே நிறுத்தி வைத்துவிடும். உள்ளே ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும். உங்கள் படகில் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கே டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை, எடுத்துப் பாருங்கள். மட்டம் குறையாமல், அல்லது போன தடவையைவிட மேலே ஏறி நின்றால், மோந்து பார்த்தால் டீசல் வாசம் வந்தால், விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லாமல் வழுக்கினால், விளக்கு என்ன நிறத்தில் எரிந்தாலும் சரி, ஆயிலை மாற்றிவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவிக்குத் தெரியாத இன்னும் இரண்டு உண்டு. எரியும்போது உண்டாகிற அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சரக்கு சேர்த்திருப்பார்கள், அதில் மிச்சம் எவ்வளவு என்று இது சொல்லாது. தேய்ந்து வந்த இரும்பு, செம்பு, ஈயத் துகள் எவ்வளவு என்றும் சொல்லாது. இந்த இரண்டையும் லேப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். என்ஜின் புத்தகத்தில் போட்டிருக்கிற மணிக்கணக்கு இதையெல்லாம் சேர்த்து வைத்துப் போட்டது. அதைத் தாண்டி ஓட்ட ஆசைப்பட்டால் சாம்பிளை லேபுக்கு அனுப்பி, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பச்சை விளக்கை மட்டும் நம்பி 250-ஐ 350 ஆக்க வேண்டாம். ஆயில் கருத்துப்போச்சே என்று பயந்து சீக்கிரம் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தேவையில்லை. டீசல் என்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கருக்கும், கரியைக் கட்டியாக விடாமல் மிதக்கவைக்கிற வேலையை அது செய்கிறது என்று அர்த்தம்.

சரி, கருவி எதற்கு உதவும்? உப்புத் தண்ணீருக்கு. கடல் தண்ணீரில் ஆறுகிற கூலர் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் முதலில் கசிவது துளித்துளியாகத்தான். ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆகும் வரை காத்திருந்தால் கிராங்க் ஷாப்ட்டில் துரு ஏறியிருக்கும், அந்தச் செலவுக்கு எத்தனை ஆயில் மாற்றலாம் என்று உங்களுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இந்தக் கருவி காட்டிக்கொடுக்கும், அதுவும் நிறத்தோடு எண்ணும் காட்டுகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. புது ஆயில் ஊற்றும்போது அதே டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டுக் கருவியைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்புறம் 50 மணிக்கு ஒரு தடவை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் இயல்பு, ஒரே தங்கலில், அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள், எகிறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, படகிலிருந்தும் டீசல் டேங்கிலிருந்தும் தள்ளி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகச் சூடான இரும்புத் தட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

சாம்பிள் எடுக்கிற விதம் ரொம்ப முக்கியம். என்ஜின் ஓடி நிறுத்திய பத்து நிமிடத்துக்குள், ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே சூட்டில் எடுங்கள், ஏனென்றால் சூடு மாறினாலும் அளவு மாறும். பழைய ஆயிலும் ஈரமும் இல்லாமல் குழியைத் துடைத்துவிட்டுச் சொட்டு விடுங்கள், கையில் உப்புத் தண்ணீர் இருந்தாலே போதும், கருவி சிவப்பு காட்டிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போடும்போது நம்மவர்களில் பலர் பழைய ஆயிலோடேயே விட்டுவிட்டு, ஜூன் மாதம் கடலுக்குப் போவதற்கு முன்னால் மாற்றுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அமிலமும் ஈரமும் ஏறிய ஆயில் இரண்டு மாதம் பேரிங் மேலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. கட்டுவதற்கு முன்னால் மாற்றி, புது ஆயிலோடு கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துங்கள். ஜூனில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கைப் பம்பை விட்டு சம்ப்பின் (என்ஜினுக்குக் கீழே ஆயில் தங்குகிற தொட்டியின்) அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பாருங்கள். நிற்கிற என்ஜினில் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், டிப்ஸ்டிக் நுனியில் எடுத்த சொட்டு பச்சையாகவே இருக்கும். அடியில் தண்ணீர் கண்டால் என்ஜினைச் சுற்றவே விடாதீர்கள்.

கேள்வி: ஒரே 15டபிள்யூ-40 ஆயில், இரண்டு கம்பெனி. இரண்டும் சீல் உடைக்காத டப்பா. டெஸ்டரில் ஒன்றுக்கு ஒரு எண், இன்னொன்றுக்கு வேறு எண். ஒன்று கலப்படமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கிற 15டபிள்யூ-40 என்பது எவ்வளவு கெட்டி என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்தச் சேர்மானம் மாறினால் மின் அளவும் மாறும். சிந்தெடிக் ஆயிலில் எஸ்டர் வகை இருந்தால் புதுசிலேயே எண் கூடுதலாக இருக்கும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க இந்தக் கருவி உதவாது. கலப்படக்காரர் நிறமேற்றிய பழைய ஆயிலைக் கொடுத்தால் சில சமயம் மாட்டலாம், மலிவான புது ஆயிலைக் கொடுத்தால் கருவிக்குத் தெரியவே தெரியாது. பில் போட்டுத் தருகிற கடையில் வாங்குங்கள். ஒரு கம்பெனி ஆயிலுக்குப் பூஜ்யம் வைத்துவிட்டு நடுவில் வேறு ஆயிலை டாப்-அப் செய்தால் அதற்குப் பிறகு வருகிற எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: மாற்றிய கழிவு ஆயிலை என்ன செய்வது? இங்கே சிலர் அப்படியே தண்ணீரில் கொட்டுகிறார்கள்.
– வாசகர், தொண்டி

பதில்: கொட்டவே கூடாது. சட்டப்படியும் அது அபாயக் கழிவு, 2016 விதிகளின் கீழ் வருகிறது. பாக் நீரிணையில் கடல் புல்லும், தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளமும் இருக்கிற கரை இது, நண்டும் இறாலும் குஞ்சாக வளர்கிற இடத்தில் ஊற்றுகிற ஆயில் நம் வலைக்குத்தான் நஷ்டம். மூடியுள்ள கேனில் தண்ணீர் கலக்காமல் சேர்த்து வைத்து, அனுமதி பெற்று வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். ஒரு படகுக்கு வர மாட்டார்கள் என்றால் சங்கத்தில் சொல்லி இறங்குதளத்தில் ஒரு பேரல் வையுங்கள், நாலைந்து படகு சேர்ந்தாலே அவர்களே வண்டி எடுத்துக்கொண்டு வர வாய்ப்பிருக்கிறது. ஃபில்டரையும் கவிழ்த்து வடியவிட்டு அந்த ஆயிலையும் அதே பேரலில் சேர்த்துவிடுங்கள்.