தார்ச் சாலையில் 4எச்: ஸ்டீயரிங் ஏன் இறுகுகிறது?

கேள்வி: பினாங்கின் பாலிக் புலாவில் எங்களுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. சேற்றுப் பாதைக்காக ஹைலக்ஸ் பிக்கப்பை 4எச்-இல் (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் நிலை) போட்டு ஓட்டுவேன். மாற்றாமல் அப்படியே ஜார்ஜ்டவுன் வந்து, வாகன நிறுத்துமிடத்தில் திருப்பினால் ஸ்டீயரிங் கல்லாக இறுகுகிறது. டயர் கீச்சிடுகிறது, வண்டி துள்ளுகிறது. பட்டறையில் ஸ்டீயரிங் ரேக்கை (முன் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? மழை நாளில் வளைவுகள் நிறைந்த துன் சார்டோன் சாலையில் 4எச் போடுவது நல்லதுதானே?

பதில்: ரேக்குக்குப் பணம் கொடுக்கும் முன் அதே இடத்தில் 2எச்-க்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) மாற்றி, அதே வளைவைத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் போய்விட்டால் ரேக் மீது பழி இல்லை. போகவில்லையென்றால் முன் டயர்க் காற்று, பவர் ஸ்டீயரிங், அதன் பிறகே ரேக் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ரேக்குக்கு வேலை வராது என்றே நினைக்கிறேன்.

வண்டி வளையும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்கின்றன. உங்கள் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 3 மீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், முன் அச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 5.8 மீட்டர் ஆரத்தில் சுற்றும். முழு வட்டம் அடித்தால் முன்பக்கம் 5 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 2எச்-இல் அது தன் போக்கில் உருண்டுவிடும். 4எச்-இல் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசை கொண்டுபோகும் தண்டுகள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. சேற்றில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிக் கணக்கை நேர் செய்துவிடும். காய்ந்த தாரில் டயர் பிடியை விடாது. தண்டுகளில் முறுக்கு ஏறுகிறது, ஸ்டீயரிங் நேராகத் திரும்பப் பார்க்கிறது. முறுக்கு எல்லை மீறியதும் டயர் ஒரு கணம் பிடி நழுவித் தெறிக்கிறது. நீங்கள் உணரும் துள்ளல் அதுதான். இதையே வழக்கமாக்கினால் டயர் தேய்வதோடு, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடி வாங்கும்.

2எச்-க்கு மாற்றிய பிறகும் 4எச் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் எடுங்கள். முறுக்கு தளர்ந்து கழன்றுகொள்ளும்.

துன் சார்டோன் சாலைக்கு வருவோம். சரக்கு இல்லாத பிக்கப்பின் பின்புறம் இலேசானது. ஈரத்தில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வால் விலகும். 4எச் அதை ஓரளவு அடக்கும் என்பது உண்மை. ஆனால் வண்டியை இழுப்பது, திருப்புவது என்ற இரண்டு வேலையும் முன் டயர்களின் தலையில் விழுவதால், வேகம் கூடினால் மூக்கு வளைவைவிட்டு வெளிப்பக்கம் ஓடும். பிரேக் பிடிக்கும் தூரமும் குறையாது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எப்போதும் இருக்கிறதே! கொண்டை ஊசி வளைவுள்ள ஈரத் தாரில் 2எச்-இல் மெதுவாகப் போவதே என் தேர்வு. மண் சரிந்து சாலையில் சேறு படிந்திருந்தால் மட்டும் 4எச்.

"என் நண்பர் மிட்சுபிஷி ட்ரைட்டனை 4எச்-இல் தாரில்தான் ஓட்டுகிறார்" என்று நீங்கள் கேட்கலாம். சூப்பர் செலக்ட் அமைப்புள்ள ட்ரைட்டனில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. உங்கள் 4எச்-க்கு நிகரானது அதில் 4எச்எல்சி, அதாவது நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும் நிலை. அதைக் காய்ந்த தாரில் அவரும் போடக் கூடாது.

அண்மையில் இரண்டு டயரை மட்டும் மாற்றினீர்களா? முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் நேர்ச் சாலையில்கூட 4எச்-இல் முறுக்கு ஏறும். நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும்.