‘கிரேடு 2’ ஃபேட்டி லிவர்: புதிய மருந்து எனக்குத் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 43. எடை 82 கிலோ. மதுப் பழக்கம் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் எஸ்.ஜி.ஓ.டி 38, எஸ்.ஜி.பி.டி 62, பிளேட்லெட் 2,10,000. பயந்துபோய் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன். இதற்குப் புதிதாக மருந்து வந்திருப்பதாகப் படித்தேன். மருத்துவரிடம் கேட்டு வாங்கலாமா? கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகை டானிக் என்று நண்பர் ஒன்று கொடுத்திருக்கிறார். அதைக் குடிக்கலாமா?

பதில்: டானிக்கை முதலில் மூடி வையுங்கள். கழுவிச் சுத்தம் செய்ய கல்லீரல் ஒன்றும் அழுக்கேறிய பாத்திரம் இல்லை. இப்படிப்பட்ட கலவைகளில் சில, தாமே கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதைப் பார்த்திருக்கிறோம். நாளைக்கு எஸ்.ஜி.பி.டி ஏறினால் அது கொழுப்பாலா, டானிக்காலா என்று நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்த ‘கிரேடு 2’க்கு வருகிறேன். ஸ்கேன் திரையில் கல்லீரல் பக்கத்திலிருக்கும் சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தரும் மதிப்பீடு அது. ஒருவர் 1 என்பதை இன்னொருவர் 2 என்று எழுதக்கூடும். அதைவிட முக்கியம், அது கொழுப்பின் அளவை மட்டும் சொல்கிறது. உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கல்லீரலில் விழும் தழும்பு. நாங்கள் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். அதற்கு எஃப் 0 முதல் எஃப் 4 வரை தனிப் படிநிலை உண்டு. எஃப் 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு, கிரேடு 2 என்றால் பாதி கல்லீரல் போய்விட்டது என்று நினைத்து வருகிறவர்கள் ஏராளம்.

தழும்பு இருக்கிறதா என்று முதல் கட்டமாக அறிய, நீங்கள் எழுதிய எண்களே போதும். ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 43 × 38 = 1634. எஸ்.ஜி.பி.டி 62இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.87. அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால், ஆயிரத்தில் சொன்னால் 210ஆல், பெருக்கினால் சுமார் 1653. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.99. இது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்போம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.3க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வது வழக்கம். செலவே இல்லாத இந்தக் கணக்கைப் போடாமல் மருந்துச் சீட்டு எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

எண்ணெயை நிறுத்தியும் கொழுப்பு ஏன் கரையவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை, மூலக்கூறுகளுக்கு அடையாளக் குறி இட்டுப் பின்தொடர்ந்து 2005இல் அளந்தார்கள். உடல் பருமனுள்ள நோயாளிகளிடம் சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே சர்க்கரையிலிருந்து தயாரித்திருந்தது. உணவிலிருந்த கொழுப்பின் பங்கு 15 சதவீதம்தான். நீங்கள் அடைத்தது மூன்று வாசல்களில் ஆகச் சிறியதை! இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதபோது கொழுப்புத் திசு தன் சரக்கைப் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறது. அதே இன்சுலின் ரத்தத்தில் மிகுந்து, கல்லீரலைக் கொழுப்பு தயாரிக்கவும் தூண்டுகிறது. இனிப்பூட்டிய பானங்களில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை அந்தத் தயாரிப்புக்கு நேரடிக் கச்சாப்பொருள். நிறுத்துவதென்றால் அந்தப் பானங்களை நிறுத்துங்கள்.

பரம்பரைக்கும் பங்குண்டு. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் கல்லீரல் கொழுப்போடு தொடர்புடையது என்று 2008இல் கண்டறிந்தார்கள். ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருவதற்கு இது ஒரு காரணம்.

இனி மருந்து. நீங்கள் படித்தது உண்மைதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமுக்கு அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. கல்லீரலில் உள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பியைத் தூண்டிக் கொழுப்பை எரிக்க வைக்கிறது. சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் ஏற்கெனவே பயன்படும் செமாக்ளூடைடும் 2025 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. ஆனால் இரண்டுமே கொழுப்போடு அழற்சியும், எஃப் 2 அல்லது எஃப் 3 அளவுக்குத் தழும்பும் உள்ளவர்களுக்கு. அவர்களிடமும் பலன் மட்டானதே: ரெஸ்மெடிரோம் சோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களில் சுமார் 26 சதவீதத்தினருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது; போலி மாத்திரை பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்குக் குறைந்தது. உங்கள் கணக்கில் முற்றிய தழும்புக்கான அறிகுறி எதுவும் இல்லை. இந்த வரிசையில் நீங்கள் இப்போது நிற்கவே தேவையில்லை. வைட்டமின் ஈ மாத்திரையும் அப்படித்தான். திசுப் பரிசோதனையில் அழற்சி உறுதியான, சர்க்கரை நோய் இல்லாத சிலருக்கு மட்டும் யோசிப்போம்.

உங்களுக்கு வேண்டியது எடைக் குறைப்பு. கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து, திசுவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பத்து சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி மறைந்திருந்தது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. எந்த மாத்திரையும் இன்னும் இதன் பக்கத்தில் வரவில்லை. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 82 கிலோவுக்குப் பத்து சதவீதம் என்றால் 8 கிலோ. முதல் ஆறு மாதத்துக்கு 4 கிலோவைக் குறி வையுங்கள். கொழுப்பு குறைய அதுவே போதும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் எடையைக் குறைக்க வேண்டாம். அதிவேகமாக எடை குறைந்தால் கல்லீரல் அழற்சி கூடலாம், பித்தப்பையில் கல்லும் சேரலாம். எடை இறங்காத வாரங்களிலும் நடையை விடாதீர்கள், உடற்பயிற்சி தனியாகவே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. பால், சர்க்கரை இல்லாத காபி குடிப்பவரானால் தாராளமாகக் குடியுங்கள். காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த நோயாளிகளின் உயிரைக் கல்லீரலைவிட அதிகமாகப் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும். ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், மூன்று மாதச் சர்க்கரை அளவு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்றால் கல்லீரலை நினைத்துத் தயங்காதீர்கள், ஃபேட்டி லிவருக்கு அது தடையில்லை. எஸ்.ஜி.பி.டி சற்று ஏறியிருப்பதால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் ஒருமுறை முடித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஃபிப்-4 கணக்கை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி போட்டால் போதும்.